நாக்குவே: ஒரு வினைச்சொல்லும் அதன் உருபுகளும்

1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15, சனிக்கிழமை, இரவு மூன்றாம் மணி. டஸ்கனியில் அக்காலத்து மணிக்கணக்கு பொழுது சாய்ந்ததிலிருந்து தொடங்கும். நம் கடிகாரத்துக்கு அது பத்து, பத்தரை. ஃபுளோரன்ஸுக்கு மேற்கே வின்சி என்னும் சிற்றூரில், எண்பது வயதை ஒட்டிய அந்தோனியோ என்பவர் குடும்பத்தில் கிடந்த பழைய நோட்டரிப் பதிவேட்டை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் மிஞ்சியிருந்த இடத்தில் பேரன் பிறந்த செய்தியை எழுதிவைத்தார். ஆண்டைக் குறித்ததும் அவர் எழுதிய முதல் சொல் ‘நாக்குவே’. பிறந்தான் என்று பொருள். பிறந்தது தன் பேரன், தன் மகன் செர் பியரோவின் மகன். பெயர் லியனார்டோ. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் யார், கூட நின்ற ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் யார் யார் என்பதெல்லாம் குறிப்பில் உண்டு. பெற்றவள் பெயர் மட்டும் இல்லை.

அவள் பெயர் ஐந்து ஆண்டு கழித்து, வரிக்கணக்கில் வருகிறது. ஃபுளோரன்ஸ் அரசின் 1457ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக அதே அந்தோனியோ தன் வீட்டில் எத்தனை வாய்கள் என்று எழுதிக் கொடுத்தார். உண்ணும் வாய் ஒவ்வொன்றுக்கும் வரியில் தள்ளுபடி கேட்கலாம். அந்தப் பட்டியலில் ஐந்து வயது லியனார்டோவும் இருக்கிறான்: முறைப்படி பிறக்காதவன், செர் பியரோவுக்கும் கத்தரீனாவுக்கும் பிறந்தவன், அந்தக் கத்தரீனா இப்போது வேறொருவர் மனைவி. பேரன் பிறந்த மகிழ்ச்சியில் எழுதிய குறிப்பில் இடம்பெறாத தாய், வரிச்சலுகைக்காக எழுதிய தாளில் இடம்பெற்றுவிட்டாள். இரண்டு தாள்களிலும் வினைச்சொல் ஒன்றுதான். முதல் தாளில் அது தனியாக நிற்கிறது. இரண்டாவதில் ‘டி’ என்றொரு சிறுசொல் ஒட்டிக்கொண்டு, யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொல்கிறது.

இத்தாலிய மொழியில் பிறப்பைச் சொல்லும் அந்த வினைச்சொல்லின் அகராதி வடிவம் ‘நாஷ்ஷெரே’. மொழி கற்பவர் முதல் சில வாரங்களிலேயே இதைச் சந்தித்துவிடுவார். என் பெயர் இன்னது, நான் இன்ன ஊரில் பிறந்தேன் என்று சொல்லாமல் எந்த மொழிப் பாடமும் தொடங்குவதில்லை. நானும் அப்படித்தான் சந்தித்தேன். முதல் தேர்விலேயே பிழையும் செய்தேன். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ஏரோ நாத்தோ’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார். நான் எழுதியதற்கு ‘அதற்கு முன்பே பிறந்திருந்தேன்’ என்பது போலப் பொருள் வருமாம். எதற்கு முன்பு என்பதுதான் அந்தக் கேள்விக்குறி.

ஆங்கிலத்தில் ஒருவர் தாமாகப் பிறப்பதில்லை. அங்கே பிறப்பு செயப்பாட்டுவினை. தாய் சுமந்து ஈன்றாள், பிள்ளை ஈனப்பட்டது என்பது அந்தச் சொல்லின் பழைய கணக்கு. தமிழில் யாரும் ‘பிறக்கப்பட்டேன்’ என்று சொல்வதில்லை. பிற என்பது தன்வினை, செயப்படுபொருள் வேண்டாதது, பிறந்தவரே எழுவாய். இத்தாலியமும் அப்படித்தான். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் எனக்கு வழி சுருக்கம். பள்ளிக்கூடப் பழக்கம் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகவைத்தது. தமிழ்நாட்டில் ஐரோப்பிய மொழி படிக்கும் பலருக்கும் இந்தச் சுற்றுவழி அனுபவம் இருக்கும்.

சரியான வடிவம் ‘ஸோனோ நாத்தோ’. சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘பிறந்தவனாக இருக்கிறேன்’. சொல்பவர் பெண்ணானால் ‘ஸோனோ நாத்தா’. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் ‘பிறந்தேன்’ என்ற சொல்லை வைத்துப் பேசியவர் ஆணா பெண்ணா என்று அறிய முடியாது. படர்க்கைக்குப் போனால்தான் பிறந்தான், பிறந்தாள் என்று பால் தெரியும். இத்தாலியத்தில் இது தலைகீழ். தன்மையிலேயே நாத்தோ, நாத்தா என்று பால் வெளிப்பட்டுவிடும். அந்தோனியோ எழுதிய ‘நாக்குவே’யிலோ ஆண்பால், பெண்பால் இல்லை. பிறந்தது பேரனா பேத்தியா என்பதை அடுத்து வரும் சொற்களைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

ஒலிப்பிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நிகழ்காலத்தில் நான் பிறக்கிறேன் என்பது ‘நாஸ்கோ’; நீ பிறக்கிறாய் என்றால் ‘நாஷ்ஷி’; அவன் அல்லது அவள் ‘நாஷ்ஷே’; அவர்கள் என்று வந்தால் மறுபடியும் ‘நாஸ்கோனோ’. எழுத்து ஒன்றே, அதன்பின் வரும் உயிரைப் பார்த்து ஒரு முறை ஸ்க, ஒரு முறை ஷ்ஷ. நாஸ்கோ என்று தன்மை நிகழ்காலத்தில் சொல்ல யாருக்கு எப்போது வாய்ப்பு வரும் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வாய்பாட்டில் இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக வாழும் வடிவம் அது.

எந்தக் கடந்தகாலத்தை எங்கே போடுவது என்பதுதான் நாள்பட்ட குழப்பம். ‘ஸோனோ நாத்தோ’ பேச்சில் வருவது. ‘நாக்குவே’ புத்தகத்தில், நினைவுக் கல்வெட்டில் வருவது. தெற்கு இத்தாலியில், குறிப்பாகச் சிசிலியில், இந்த வகைக் கடந்தகாலம் பேச்சிலும் தாராளமாகப் புழங்கும். மிலான் பக்கம் போனால் அரிது. வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோரிடம் எழுதாத வழக்கம் ஒன்றுண்டு. உயிரோடு இருப்பவரைப் பெரும்பாலும் ‘ஏ நாத்தோ’ என்றே எழுதுவார்கள். ‘நாக்குவே’ என்று கண்டால் ஆள் இறந்திருப்பார் என்று ஊகிக்கலாம். இத்தாலிய நகரங்களின் பழைய வீட்டுச் சுவர்களில் ‘இந்த வீட்டில் நாக்குவே’ என்று தொடங்கும் பளிங்குப் பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். அப்படிப்பட்ட வீட்டைக் ‘காஸா நாத்தாலே’, பிறந்த வீடு, என்பார்கள். லூக்காவில் புச்சீனியின் பிறந்த வீடு, பெஸாரோவில் ரொஸ்ஸீனியின் பிறந்த வீடு, இரண்டும் அருங்காட்சியகங்கள். தமிழில் பிறந்த வீடு என்பது கல்யாணமாகிப் போன பெண்ணுக்குத்தான் இருக்கும். புகுந்த வீடு என்ற இணை இருப்பதால் வந்த சொல் அது.

நாக்குவே பழசு, ஸோனோ நாத்தோ பின்னால் வந்த பேச்சு வழக்கு என்றுதான் கற்பவர் எவரும் நினைப்பார். நானும் நினைத்தேன். இந்த ஒரு வினையைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. இலத்தீனில் இதன் மூலம் ‘நாஸ்கோர்’. வடிவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை என்னும் ஒரு விசித்திர இனம். அதன் கடந்தகாலம் ‘நாத்துஸ் ஸும்’, பிறந்தவனாக இருக்கிறேன். ஸோனோ நாத்தோ என்பது அதே இரண்டு சொற்கள், முன்பின் மாறி நிற்கின்றன. இத்தாலியத்தின் மற்றப் பெரும்பாலான வினைகளுக்கு இந்தக் கூட்டு வடிவம் பின்னால் உண்டானது. பிறப்பைச் சொல்லும் வினைக்கோ அது தாய்வழிச் சொத்து. நாக்குவேதான் புதுவரவு. மக்கள் பேசிய இலத்தீனில் அந்த விசித்திர இனம் அழிந்து, நாஸ்கோர் மற்ற வினைகளைப் போலவே நடக்கத் தொடங்கியபோது அதற்கு ஒரு தனிக் கடந்தகாலம் தேவைப்பட்டது. பிடித்தது, மௌனமாக இருந்தது, கிடந்தது என்ற பொருள்களில் இருந்த பழைய வினைகளின் அச்சில் வார்த்தெடுத்து ‘நாகுயி’ என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். ககரத்தை அடுத்து உகரச் சாயல் வந்தால் இத்தாலியத்தில் ககரம் இரட்டிக்கும். தண்ணீருக்கு ‘ஆக்குவா’ என்பதும் அப்படி இரட்டித்ததுதான். ஆகவே பியாக்குவே, தாக்குவே, ஜாக்குவே, நாக்குவே. பிடித்தது, மௌனித்தது, கிடந்தது, பிறந்தது. மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான வரிசை கிடைக்காது.

நாத்துஸ் என்பதன் முன்னால் ஒரு காலத்தில் ஒரு ககரச் சாயல் இருந்தது. பழைய இலத்தீனில் ‘க்நாத்துஸ்’. சமஸ்கிருதத்தின் ‘ஜாத’ இதனுடன் பிறந்த சொல். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, ஒரே வகை விகுதியோடு வந்தவை. பொருளும் ஒன்றே, பிறந்த. அந்த வேர் சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்குள் ஏராளமாகக் கொட்டிக் கிடக்கிறது. ஜாதகம், ஜனனம், ஜென்மம், ஜனங்கள், ஜாதி. மிலானில் நாத்தா என்று ஒரு பெண் சொல்லும் சொல்லும், கும்பகோணத்தில் கல்யாணத் தரகர் கையில் வைத்திருக்கும் ஜாதகமும் ஒரே வேர். பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது; வனஜா காட்டில், கிரிஜா மலையில். கடைசியில் நிற்கும் அந்த ‘ஜ’வுக்குள் இருப்பதும் அதுவே. இத்தாலியர் ரெனாத்தோ, ரெனாத்தா என்று பெயர் வைத்தால் மறுபடி பிறந்தவர் என்று பொருள்.

‘கொஞாத்தோ’ என்றொரு உறவுச்சொல் இருக்கிறது. இத்தாலிய எழுத்தில் அந்த இடத்தில் ‘ஜி’யும் ‘என்’னும் சேர்ந்து நிற்கும். அந்தக் கூட்டொலிக்குத் தமிழின் ‘ஞ’ அப்படியே பொருந்தும். ஆங்கிலேயர் தடுமாறும் இடத்தில் நமக்குத் தடையில்லை. இலத்தீனில் இதன் பொருள் கூடப் பிறந்தவன், அதாவது இரத்த உறவினன். நாம் உடன்பிறந்தான் என்று கட்டிய அதே கட்டுமானம். ஆனால் இன்றைய இத்தாலியத்தில் கொஞாத்தோ என்றால் மைத்துனன்! உடன்பிறந்தவன் பெண் கொடுத்து எடுத்த உறவாக மாறிவிட்டான். அந்தச் சொல்லில் பிறப்பு ஒளிந்திருப்பது இத்தாலியர் காதில் இப்போது விழுவதில்லை. ‘நேஷன்’ என்று உலகம் முழுவதும் பரவிய சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஒன்றாகப் பிறந்த கூட்டம் என்பதுதான் அதன் முதற்பொருள்.

ஒரு சொல் மட்டும் இந்தக் குடும்பத்திலிருந்து விலகிப் போய்விட்டது. பிறந்தநாளை இத்தாலியர் ‘கொம்ப்ளெயான்னோ’ என்பார்கள், ஆண்டு நிறைவு. பிறந்தநாள் என்ற நேர்ச்சொல்லை இயேசு எடுத்துக்கொண்டார்: ‘நாத்தாலே’ என்றால் கிறிஸ்துமஸ். ஆதித் திருச்சபையில் வேதசாட்சிகள் இறந்த நாளுக்குக்கூடப் பிறந்தநாள் என்றே பெயர், மோட்சத்தில் பிறக்கிறார்களாம். ரோம் நகருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கி.மு. 753 ஏப்ரல் 21இல் நகரம் நிறுவப்பட்டதென்ற மரபைக் கொண்டாடும் நாளை இன்றும் ‘ரோமின் நாத்தாலே’ என்கிறார்கள்.

வஸாரி 1550இல் வெளியிட்ட ஓவியர், சிற்பியர் வரலாற்றில் கலைகளின் ‘ரினாஷ்ஷிதா’, மறுபிறப்பு, பற்றிப் பேசினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிலிருந்து ஒரு காலகட்டத்துக்கே பெயர் வந்தது. தமிழில் நாம் அதை மறுமலர்ச்சி என்கிறோம். மறுபிறப்பு என்று சொல்லவில்லை. வினைப்பயன், ஏழு பிறவி, பிறவாமை வேண்டுதல் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம். மைக்கேலாஞ்சலோவை அதற்குள் நுழைத்தால் மூச்சு முட்டியிருக்கும். மொழிபெயர்த்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

இத்தாலியத்தில் மனிதர் மட்டும் பிறப்பதில்லை. புல் பிறக்கும், சூரியன் பிறக்கும், சந்தேகம் பிறக்கும், கட்சி பிறக்கும். தமிழருக்கு இதில் வியப்பில்லை; தை பிறக்கும், வழி பிறக்கும். தொல்காப்பியர் எழுத்தொலிகள் வாயில் உருவாகும் விதத்தைச் சொல்லும் இயலுக்கே பிறப்பியல் என்று பெயர். ‘ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்’ என்று பொருள்படும் இத்தாலியச் சொலவடையை வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1981இல் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அதிர்ஷ்டக்காரனைச் ‘சட்டையோடு பிறந்தவன்’ என்பார்கள். பனிக்குடத்தின் மெல்லிய சவ்வு தலையில் ஒட்டியபடி எப்போதாவது பிள்ளைகள் பிறப்பதுண்டு. அந்தச் சவ்வுதான் சட்டை. நம் பக்கம் தொப்புள்கொடி மாலையாகச் சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். பிரசவ அறையில் கண்டதிலிருந்து ஓர் ஊர் நல்லதைப் படித்தது, ஓர் ஊர் கெட்டதைப் படித்தது. தெற்கு இத்தாலியில் ‘யாரும் கற்றுக்கொண்டு பிறப்பதில்லை’ என்றொரு பழமொழியும் உண்டு. இலக்கணக்காரர் அந்தச் சொற்றொடரே பிழை என்பார்கள். கற்ற பாடத்துக்குச் சேரவேண்டிய எச்சத்தை அது கற்ற ஆளுக்குச் சேர்க்கிறது. தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஆசிரியை எனக்குச் சொன்ன ஆறுதல் அதுதான், பிழையோடு.

நாஷ்ஷெரேயின் வாய்பாட்டை ஒரு மாலையில் படித்துவிடலாம். பின்னால் வரும் சிறுசொற்கள்தான் நாள் பிடிக்கும். நகரத்தில் பிறந்தால் ‘ஆ’, நாட்டில் பிறந்தால் ‘இன்’. பெற்றோரிடம் பிறந்தால் ‘டா’. பழைய எழுத்தில் ‘டி’. டா என்பதற்கு ‘இருந்து’ என்றும் பொருள். லியனார்டோ டா வின்சியில் இருப்பது அதுவே, வின்சியிலிருந்து வந்தவர். தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. கவனித்தால் நம் உருபுகள் அப்பனுக்கும் அம்மாவுக்கும் வெவ்வேறு. அவருக்குப் பிறந்தவன், என் வயிற்றில் பிறந்தவன். தகப்பனுக்கு நான்காம் வேற்றுமை, கொடுக்கப்படுபவன் போல. தாய்க்கு ஏழாம் வேற்றுமை, இடம் போல. இத்தாலியம் இருவரையும் ஒரே ‘டா’வில் அடக்கிவிடுகிறது. நதிக்கும் மலைக்கும்கூட அதே டாதான். போ நதி மொன்விசோ மலை‘டா’ பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு 2,020 மீட்டர் மேலே, பியான் தெல் ரே என்ற இடத்தில் பாறைகளுக்கு அடியிலிருந்து கசிந்து, 652 கிலோமீட்டர் ஓடி அத்ரியாட்டிக் கடலில் சேர்கிறது.

தாந்தேயின் நரக காண்டத்தில் வரும் பிரான்செஸ்கா, தான் பிறந்த ஊரின் பெயரைச் சொல்வதில்லை. போ நதி கடல் சேரும் கரையோரம் என்று அடையாளம் காட்டுகிறாள்; ராவென்னா என்று நாம் அறிந்துகொள்கிறோம். அதே காண்டத்தின் முதல் பாடலில், இருட்டுக் காட்டில் எதிர்ப்படும் வர்ஜிலும் தன் பெயரைச் சொல்லாமல், பெற்றோர் எந்தப் பகுதியினர், எந்த ஊர், யார் ஆட்சியில் பிறந்தேன் என்றே தொடங்குகிறார். யாரிடம், எங்கே, எப்போது என்ற மூன்றும் வந்த பிறகு பெயரே தேவைப்படவில்லை.

பிறந்த இடம் அரசியலாகும்போது வினைச்சொல் கல்லில் ஏறிவிடுகிறது. ரோமின் டைபர் நதி ஃபுமாயோலோ மலையில் பிறக்கிறது. 1923 வரை அந்த இடம் டஸ்கனியைச் சேர்ந்தது. முசோலினி பிறந்தது அடுத்த மாவட்டமான ஃபொர்லியில், பிரெதாப்பியோ என்ற ஊரில். ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே மாவட்ட எல்லையை நகர்த்தி ஊற்றை ஃபொர்லியில் சேர்த்தார்கள். ரோமின் நதியும் ரோமின் தலைவரும் ஒரே மாவட்டத்தில் பிறந்தாயிற்று. 1934இல் ஊற்றருகே ஒரு பளிங்குத் தூண் நட்டார்கள். உச்சியில் கழுகு, அதன் கீழே ஓநாய்த் தலைகள். ரோமின் விதிக்குப் புனிதமான நதி இங்கே ‘நாஷ்ஷே’ என்று அதில் பொறித்திருக்கிறது. முசோலினி போய்விட்டார். தூண் இருக்கிறது, எல்லையும் திரும்ப நகரவில்லை.

நதிக்கு இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். ‘டா’வுக்குப் பின்னால் எழுத ஒன்றுமே இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது? ஃபுளோரன்ஸில் பட்டு வணிகர் சங்கம் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கியைக் கொண்டு கட்டிய அனாதை இல்லம், இன்னொசெந்தி, 1445இல் திறந்தது. லியனார்டோ பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பு. பிப்ரவரி 5, புனித ஆகத்தாவின் திருநாளன்று, முதல் குழந்தையை யாரோ விட்டுப் போனார்கள். ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். இன்று அங்கே உள்ள அருங்காட்சியகத்தில், விட்டுச் சென்றவர்கள் பிள்ளையோடு வைத்த அடையாளங்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் பாதியாக வெட்டிய காசு, பாதிப் பதக்கம். மறு பாதி தாயிடம் இருக்கும். என்றாவது வந்து பொருத்திக் காட்டினால் பிள்ளை அவளுடையது. நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா இல்லத்தின் சுவரில், பிள்ளையை வைத்து உள்ளே திருப்பிவிடச் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வெளியே நிற்பவர் முகம் உள்ளே தெரியாது. 1875 வரை அது சுழன்றது. எஸ்பொசித்தோ, அதாவது வெளியே விடப்பட்டவர், என்னும் குடும்பப் பெயர் நேப்பிள்ஸில் இவ்வளவு மலிந்து கிடப்பதற்கு அந்தப் பெட்டி ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டிலும், தந்தை பெயர் தெரியாத பிள்ளையின் தாள்களில் அந்த இடத்தில் ‘என்.என்.’ என்று எழுதினார்கள். பள்ளியில் சேர, வேலைக்கு மனுப் போட, கல்யாணம் செய்ய, ஒவ்வொரு மேசையிலும் அந்த இரண்டு எழுத்துகளை நீட்ட வேண்டும். 1955 அக்டோபர் 31ஆம் தேதியச் சட்டம் சான்றிதழ்களிலிருந்து பெற்றோர் பெயரையே எடுத்துவிட்டது. பிறந்த ஊரும் நாளும் போதும் என்றது. இலக்கணக் கண்ணில் பார்த்தால், வாக்கியத்திலிருந்து ‘டா’வை நீக்கி ‘ஆ’வை மட்டும் விட்டுவைத்தது.

தாய்க்கும் ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் ஒரு பெண் மருத்துவமனையில் பிள்ளை பெற்று, தன் பெயரைப் பதிய வேண்டாம் என்று சொல்லலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்போது பதிவேட்டில் எழுதப்படும் தொடர் இது: ‘பெயர் குறிப்பிடப்படச் சம்மதிக்காத பெண்ணிடம் பிறந்தது’. நாஷ்ஷெரேவும் டாவும் இருக்கின்றன. டாவுக்குப் பின்னால் பெயருக்குப் பதில் ஒரு மறுப்பு. இதைவிடத் துல்லியமான, இதைவிட மூடிய வாக்கியத்தை நான் எந்த அரசுத் தாளிலும் படித்ததில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து தாயைத் தேடினால், 100 ஆண்டு கழித்துத்தான் முழுப் பதிவையும் பார்க்கலாம் என்பது விதி. 2012இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இதில் பிள்ளையின் பக்கத்தை இத்தாலி எண்ணிப்பார்க்கவே இல்லை என்று கண்டித்தது. மறு ஆண்டு இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 278ஆம் தீர்ப்பில் ஒரு சந்து திறந்தது: பிள்ளை கேட்டால் நீதிபதி இரகசியமாகத் தாயை அணுகி, இப்போதாவது சம்மதமா என்று கேட்கலாம்.

குடியுரிமைச் சட்டத்தில் இந்தச் சிறுசொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதன் எண் 91, தேதி 1992 பிப்ரவரி 5. ஆகத்தா ஸ்மெரால்தாவை விட்டுப் போன அதே நாள், தற்செயல்தான். சட்டத்தின் முதல் பிரிவு ‘பிறப்பால் குடிமகன் யார்’ என்று வரையறுக்கிறது. இத்தாலியத் தந்தைக்கோ தாய்க்கோ பிறந்தவர். இத்தாலிய மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோர் யாரென்றே தெரியாவிட்டால், அல்லது அவர்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாவிட்டால், அதுபோன்ற நிலையில்தான் மண் கணக்கில் வரும். டா இருக்கும்வரை ‘இன்’னுக்கு வேலை இல்லை, டா காலியானால்தான் இன். வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்து, 18 வயதுவரை இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்த பிள்ளை, அடுத்த ஓராண்டுக்குள் விருப்பம் தெரிவித்தால் குடியுரிமை பெறலாம். இந்த ஓராண்டுக் கெடு தெரியாமலே தவறவிட்டவர்கள் பலர். 2013 முதல் நகராட்சி முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவித்தாக வேண்டும்.

அதே வேளையில், பியூனஸ் அயர்ஸிலோ சாவோ பாவ்லோவிலோ பிறந்து இத்தாலியையே பார்க்காத ஒருவர், கப்பலேறிப் போன கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடிப்பிடித்துக் குடிமகனாகிவிடலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தலைமுறைக்கு எல்லையே இல்லை. 2025இல் அதைப் பெற்றோர், பாட்டன் பாட்டி அளவில் சுருக்கினார்கள். அதே ஆண்டு ஜூன் 8, 9 தேதிகளில், குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டிய 10 ஆண்டு வசிப்பை 5 ஆண்டாகக் குறைக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தால்தான் முடிவு செல்லும். வந்தவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு. அதோடு அது போயிற்று.

பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். நகரின் காவல்தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் மலையேறிப் போய் விளக்கேற்றி வணங்கிவருவது அங்கே பழகிப்போன காட்சி. அவர்களுக்கும் மற்ற எல்லாரையும் போல 16 இடம் கொண்ட வரி அடையாளக் குறியீடு உண்டு. மருத்துவரைப் பார்க்க, வீடு வாடகைக்கு எடுக்க, கைப்பேசி இணைப்பு வாங்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். முதல் ஆறு எழுத்து குடும்பப் பெயரும் பெயரும். அடுத்துப் பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறந்த தேதி. பெண்ணானால் தேதியோடு 40 கூட்டிக்கொள்வார்கள், 12ஆம் தேதி பிறந்தவள் 52. அதன்பின் பிறந்த இடத்துக்கு நான்கு இடம், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து ஒன்று. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்த தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த நான்கு இடத்தில் ‘இசட் 209’ என்றிருக்கும், இலங்கை. ஊர் கிடையாது, வெளிநாட்டில் பிறந்தால் நாடு மட்டும். அவர்களுக்குப் பலெர்மோவில் பிறந்த மகளுடைய குறியீட்டில் இருப்பது ‘ஜி 273’, பலெர்மோ. தலைமுறை தலைமுறையாக அந்த நகரில் பிறந்தவர்களுக்கும் அதே ஜி 273தான். பெற்றோர் குடியுரிமை பெறாதவர்களானால், அவளுடைய வதிவிட அனுமதி அட்டையில் குடியுரிமை என்ற கட்டத்தில் இன்னும் ‘இலங்கை’ என்று இருக்கும். 18 வயது நிறையும் ஆண்டில் பலெர்மோ நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வரும்.